பழைய அச்சகப் படங்களை எஸ்.வி.ஜி.க்கு மாற்றியது: பினாங்கிலிருந்து ஒரு வேலைப் பதிவு

நாலடி உயரக் குத்துவிளக்கு ஒன்று 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டி வந்துவிட்டது. தண்டின் வளைவு, தட்டின் விளிம்பு, உச்சியில் நிற்கும் அன்னத்தின் கழுத்து, எதிலும் படிப்படியான பல் தெரியவில்லை. 1994-இல் என் தாய்மாமா பினாங்கு ஸ்திரீட் பக்கம் நடத்திவந்த சின்ன அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைக்காகக் கம்ப்யூட்டரில் வரைந்த விளக்கு அது. அப்போது அதன் உயரம் வெறும் 60 மில்லிமீட்டர். இப்போது அவர் மகள் கல்யாண மேடைக்காக அதையே இருபது மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம்.

பழைய படத்தை வெக்டராக, அதாவது பிக்சல் என்னும் புள்ளிகளாக இல்லாமல் கோடும் வளைவுமாகப் பதிந்த எஸ்.வி.ஜி. போன்ற கோப்பாக, மாற்ற வேண்டும் என்றால் யாரைக் கேட்டாலும் "டிரேஸ் பண்ணு" என்றுதான் சொல்கிறார்கள். இந்த வேலையை முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. பிக்சல் படத்தின் விளிம்பைப் பின்தொடர்ந்து மென்பொருளே கோடு போடும் இந்த டிரேஸ் கடைசி வழியாக இருக்க வேண்டும். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மாமாவின் படங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வெக்டர்தான். அவற்றைப் பிக்சலாக்கி, அந்தப் பிக்சலை மறுபடி டிரேஸ் செய்தால், அவர் ஒவ்வொரு வளைவுக்கும் பட்ட பாடு காணாமல் போய்விடும்.

கையில் இருந்தவை: ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃபிளாப்பிகள், சில சி.டி.க்கள், ஒரு மேசை இழுப்பறை நிறைய மையில் வரைந்த மூலப் படங்கள். விளக்கு, பிள்ளையார், வாழைமரம், நாதஸ்வரம், மாவிலைத் தோரணம், கோலங்கள். பத்திரிகை அடிக்கும் எந்த அச்சகத்திலும் இருக்கும் சரக்குதான். ஆனால் இவை கடையில் வாங்கிய கிளிப்-ஆர்ட் இல்லை, மாமா வரைந்தவை.

ஃபிளாப்பியிலிருந்து வெளியே எடுப்பது

யு.எஸ்.பி.யில் சொருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் 58 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 3.5 அங்குலத் தட்டுகளுக்கு அது போதும்.

பினாங்கின் ஈரக்காற்றில் முப்பது வருடம் கிடந்த தட்டு என்றால் பூஞ்சணம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். உலோகக் கதவை விரலால் ஒதுக்கி, நடுவட்டத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே உள்ளே இருக்கும் பழுப்புத் தட்டைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அதை டிரைவில் போடவே கூடாது. படிக்கும் தலையில் அந்த அழுக்கு ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல தட்டையும் கீறிவிடும். அப்படி இருந்தவற்றை உறையைப் பிளந்து, உள்தட்டை மட்டும் எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் துடைத்து, உலரவிட்டு, வேறொரு நல்ல ஃபிளாப்பியின் உறைக்குள் வைத்துப் படித்தேன். பெரும்பாலானவை படித்தன. மேல்பூச்சே உரிந்துவிட்ட சிலவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஓரத்தில் இருக்கும் சின்னக் கறுப்புத் தாழ்ப்பாளைத் தள்ளி, துளை திறந்து தெரியும்படி வைத்துவிடுங்கள். அப்போது தட்டில் எதுவும் எழுதப்படாது. அப்புறம், கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டாம். லினக்ஸில் டி.டி.ரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழுத் தட்டையும் 1,474,560 பைட் உள்ள ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து படங்களைப் பிரித்தெடுங்கள். நலிந்த தட்டு ஒரு தடவை படிக்கும், அடுத்த தடவை படிக்காது. கிடைக்கிற அந்த ஒரு தடவையில் எல்லாம் வந்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன

டாஸ் காலத்துப் பெயர்கள் எட்டெழுத்தில் முடிந்துவிடும். பின்னால் இருக்கும் மூன்றெழுத்தையும் நம்ப முடியாது. மாமாவே சில கோப்புகளுக்குத் தன் வசதிக்காக வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு வைத்திருந்தார். அதனால் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்துத்தான் வகை பிரித்தேன். லினக்ஸின் 'ஃபைல்' கட்டளை இதைத் தானாகவே சொல்லும். அது குழம்பிய இடத்தில், பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் பார்வையில் திறந்து பார்த்தேன்.

'ரிஃப்' என்ற நாலெழுத்தில் தொடங்கி, எட்டு பைட் தாண்டி 'சி.டி.ஆர்' என்று இருந்தால் அது கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு. கோரலின் ஆக முதல் பதிப்புகள் மட்டும் டபிள்யூ, எல் என்ற இரண்டெழுத்தில் தொடங்கும். 2008-இல் வந்த எக்ஸ்4 முதல் அது ஒரு ஜிப் கோப்பு. முதல் பைட்டின் மதிப்பு 10 என்றால் பி.சி.எக்ஸ், அதாவது பழைய பெயின்ட்பிரஷ் படம். பி, எம் என்று இருந்தால் பிட்மேப். இரண்டு ஐ அல்லது இரண்டு எம் என்றால் டிஃப். டி7, சிடி, சி6, 9ஏ என்ற வரிசையில் தொடங்கினால் விண்டோஸ் மெட்டாஃபைல், அதாவது டபிள்யூ.எம்.எஃப்.

பிரித்து முடித்தபோது மூன்று குவியல்: டபிள்யூ.எம்.எஃப்., கோரல், பிக்சல் படங்கள். மூன்றுக்கும் மூன்று வழி.

டபிள்யூ.எம்.எஃப். குவியல்

எண்ணிக்கையில் இவைதான் அதிகம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் மென்பொருள் நேரடியாகத் திறக்கும். அது சரிவரத் திறக்காதவற்றை லிப்ரே ஆஃபீஸ் டிரா திறந்தது. மொத்தமாக மாற்ற லிப்ரே ஆஃபீஸைத் திரை இல்லாமல் கட்டளை வரியிலிருந்தே ஓட்டலாம், ஒரு கோப்புறை முழுக்க ஒரே மூச்சில் எஸ்.வி.ஜி. ஆகிவிடும்.

மாறிவிடும் என்பது உண்மை. வேலைக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

டபிள்யூ.எம்.எஃப். என்பது விண்டோஸுக்கு "இங்கே கோடு போடு, இங்கே பலகோணம் போடு, இதைக் கறுப்பால் நிரப்பு" என்று சொல்லும் கட்டளைகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் பெசியர் வளைவுக்கு, அதாவது சில புள்ளிகளை மட்டும் கொண்டு கணக்கில் வரையும் வழவழப்பான வளைவுக்கு, இடமே இல்லை. பின்னால் வந்த ஈ.எம்.எஃப்.இல்தான் அது சேர்ந்தது. ஆக, கோரலில் அழகான வளைவாக வரைந்த விளக்குத் தண்டை டபிள்யூ.எம்.எஃப்.ஆக ஏற்றுமதி செய்யும்போது, வளைவு முழுக்கச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்துவிடும். 60 மில்லிமீட்டர் விளக்கில் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். பத்திரிகையில் கண்ணுக்குத் தெரியாது. இருபது மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொன்றும் 16 மில்லிமீட்டர் நேர்கோடு. மேடையில் நிற்கும் விளக்குக்குத் தண்டு முழுக்க மூலை மூலையாகத் தெரியும்.

இங்க்ஸ்கேப்பின் 'சிம்ப்ளிஃபை' வசதியைக் கொண்டு இதை மென்மையாக்கப் பார்த்தேன். துண்டுகள் குறைந்தன. ஆனால் தட்டும் தண்டும் சேரும் கூர்மூலைகளும் சேர்ந்து உருண்டுபோயின. அன்னத்தின் அலகு மழுங்கிவிட்டது. அடுத்து, படத்தை 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிக்சலாக்கிப் போட்ரேஸ் என்ற நிரலில் டிரேஸ் செய்தேன். அது சிம்ப்ளிஃபையைவிடப் பரவாயில்லை. ஆனால் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றுபோல இல்லை. குத்துவிளக்கில் அது உடனே கண்ணில் உறுத்தும்.

இதை மாமாவிடம் காட்டியபோதுதான் வேலையின் போக்கு மாறியது.

"ஏம்மா, இதை எதுக்கு டிரேஸ் பண்ற? பத்திரிகை சாஃப்ட்வேர்ல ஒட்டுறதுக்காக எடுத்த காப்பி இது. நான் நோடு நோடா இழுத்து வரைஞ்சது கோரல் ஃபைல்ல இருக்கே."

"அந்த ஃபைல் எந்த ஃபிளாப்பியில மாமா?"

"விளக்குன்னு தேடாத. முதமுதல்ல யாரு பத்திரிகைக்கு வரைஞ்சேனோ அவங்க பேருல இருக்கும்."

அப்படியே இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு டபிள்யூ.எம்.எஃப்.க்கும் கோரல் மூலம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் டபிள்யூ.எம்.எஃப்.ஐ ஒதுக்கிவிட்டேன். கோரல் மூலம் இல்லாதவற்றை உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக்கப் போவதில்லை என்றால் அந்த நேர்கோட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டேன். தெரியாத குறையைச் சரிசெய்யப் போய் தெரிகிற குறையை உண்டாக்க வேண்டாம்.

இந்தக் குவியலில் பார்த்த வேறு சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். சில கோப்புகளில் துளை இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக அடைந்துபோய் வந்தன. பிள்ளையாரின் காதுவளையம், நாதஸ்வரத்தின் துளைகள். எந்தப் பகுதியை நிரப்புவது என்ற விதி, கோப்பை மாற்றும்போது தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். நிரப்புப் பலகத்தில் விதியை 'ஈவன்-ஆட்' என்று மாற்றியதும் துளைகள் திறந்துகொண்டன. சில படங்களில் கோட்டின் தடிமன் 0. அந்தக் காலத்தில் அதற்கு 'திரையில் ஒரு பிக்சல்' என்று பொருள். எஸ்.வி.ஜி.யில் 0 என்றால் கோடே தெரியாது, 0.25 மில்லிமீட்டர் என்று நானே கொடுத்தேன். இன்னும் சிலவற்றின் உள்ளே கோடே இல்லை, ஒரே ஒரு பிட்மேப்பை உறையில் போட்டதுபோல வைத்திருந்தது. அவை பிக்சல் குவியலுக்குப் போயின.

கோரல் குவியல்

லிப்ரே ஆஃபீஸும் இங்க்ஸ்கேப்பும் லிப்சிடிஆர் என்ற நிரல் தொகுதியைக் கொண்டு பழைய கோரல் கோப்பைத் திறக்கின்றன. விளக்கு திறந்தபோது நோடுகளை, அதாவது வளைவைத் தாங்கும் புள்ளிகளை, தட்டிப் பார்த்தேன். தண்டின் ஒரு பக்கத்துக்கு மொத்தமே பத்துப் பதினைந்து நோடுகள்தான். டபிள்யூ.எம்.எஃப்.இல் அதே பக்கம் நேர்கோட்டுத் துண்டுகளாகக் கொட்டிக் கிடந்தது. பந்துமணி போன்ற ஒவ்வொரு புடைப்புக்கும் உச்சியில் ஒரு நோடு, இடுக்கில் ஒரு நோடு. நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கைப்பிடிகள் எல்லாம் கிடைக்கோட்டிலோ செங்குத்திலோ நேராக நிற்கின்றன. ஒரு பக்கம் வரைந்து, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறார். நடுக்கோட்டில் இரண்டு பாதியும் தொடும் இடத்தில் ஒரு நூலிழை இடைவெளிகூட இல்லை. எலிவால் மௌஸை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கிறார் என்பதை அந்த நோடுகள் காட்டின. டிரேஸ் செய்த படத்தில் இது எதுவுமே இருக்காது.

ஆனால் வெட்டுவதற்கு அது தயாராக இல்லை. அச்சுக்கு வரைபவர்கள் துளையை வெட்டுவதில்லை, கறுப்பின் மேல் வெள்ளையை வைத்துவிடுவார்கள். தட்டின் விளிம்பு ஒரு கறுப்பு நீள்வட்டம், அதன்மேல் சற்றே சின்ன வெள்ளை நீள்வட்டம். தாளில் பார்த்தால் வளையம். லேசர் இயந்திரத்துக்கோ அது இரண்டு தனித்தனி வெட்டு. விளக்கு முழுக்க இப்படி வெள்ளைத் துண்டுகள். கண்டுபிடிக்க எளிய வழி: எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மஞ்சள் செவ்வகத்தைப் போடுங்கள். துளை என்றால் மஞ்சள் தெரியும், வெள்ளைத் துண்டு என்றால் வெள்ளையாகவே நிற்கும். ஒவ்வொரு வெள்ளையையும் அதன் கீழிருக்கும் கறுப்போடு சேர்த்துத் தேர்ந்து, 'பாத்' பட்டியலில் 'டிஃபரன்ஸ்' கொடுத்துக் கழித்தேன். இந்தச் சுத்தம் செய்யும் வேலைதான் மொத்தத்திலும் அதிக நேரம் எடுத்தது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சில படங்களை என் தம்பி சில வருடங்களுக்கு முன்பே எஸ்.வி.ஜி.யாக மாற்றி வைத்திருந்தான். அவற்றைத் திறந்தால் 60 மில்லிமீட்டர் விளக்கு 56.25 மில்லிமீட்டராக வந்தது. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முன்பு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தது. அதன் பிறகு 96. அந்த விகிதம் 0.9375. பழைய எஸ்.வி.ஜி. யாராவது கொடுத்தால் முதலில் ஒரு அளவையாவது சரிபாருங்கள். நான் இப்போது எல்லாக் கோப்பிலும் அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டரிலேயே எழுதி, படத்தின் உள்ளளவைச் சொல்லும் வியூபாக்ஸையும் அதே எண்களில் வைக்கிறேன்.

எழுத்துகள் பெரிய தலைவலி. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித்தான் டாம், டாப் என்ற பொதுத் தரங்கள் வந்தன. அதற்கு முன்னால் எழுத்துருவுக்கு எழுத்துரு இடம் மாறும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் "திருமண அழைப்பிதழ்" இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். நல்லவேளை, மாமா சி.டி.யில் எழுத்துருக்களையும் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை நிறுவியதும் முக்கால்வாசி எழுத்து சரியாக வந்தது. 128 முதல் 159 வரையிலான இடங்களில் இருந்த எழுத்துகள் மட்டும் காணாமல் போயின. அந்த இடங்களை ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். வந்த எழுத்துகளை 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வெறும் வடிவமாக்கிவிட்டு, வராதவற்றை அதே எழுத்துருவின் மற்ற எழுத்துகளிலிருந்து துண்டெடுத்து ஒட்டினேன். கொம்பும் காலும் கிடைத்துவிட்டால் பாதி எழுத்து வந்த மாதிரி. வாசகம் என்ன என்பதை யூனிகோடில் எஸ்.வி.ஜி.யின் தலைப்புக் குறிப்பில் எழுதி வைத்தேன், நாளைக்குத் தேடினால் கிடைக்க வேண்டும்.

பிக்சல் குவியல்

இவற்றுக்குத்தான் டிரேஸ். மாமா மையில் வரைந்ததை ஹேண்ட் ஸ்கேனரால் எடுத்தவை, 300 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை மட்டும். ஹேண்ட் ஸ்கேனர் பார்த்திராதவர்களுக்காக: கையில் பிடித்துத் தாளின் மேல் இழுக்கும் கருவி, ஒரே இழுப்பில் ஏறக்குறைய நாலங்குல அகலம்தான் எடுக்கும். அதனால் பெரிய படங்களை இரண்டு இழுப்பாக எடுத்து ஒட்டியிருக்கிறார்.

பிள்ளையார் படத்தின் நடுவே, தும்பிக்கை வளையும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு முறிவு தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் வலப்பாதி 3 பிக்சல் கீழே இறங்கியிருந்தது. தாளில் அது கால் மில்லிமீட்டர். டிரேஸ் செய்தால் போட்ரேஸ் அந்த முறிவை ஒரு வளைவாக மாற்றி, தும்பிக்கைக்கு இல்லாத ஒரு முடிச்சைக் கொடுத்துவிடும். அதனால் டிரேஸுக்கு முன்பே கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் வலப்பாதியை 3 பிக்சல் மேலேற்றி, ஒட்டில் விட்டுப்போன சில பிக்சல்களைக் கையால் நிரப்பினேன். பிக்சலாக இருக்கும்போது இது ஐந்து நிமிட வேலை. வெக்டரான பிறகு பெரும்பாடு.

பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் இலவசம், இங்க்ஸ்கேப்பின் 'டிரேஸ் பிட்மேப்'புக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. நான் கட்டளை வரியில் ஓட்டினேன், ஒவ்வொரு அமைப்பையும் மாற்றிப் பார்க்க அது வசதி. மூன்று எண்கள்தான் முக்கியம்.

எத்தனை பிக்சலுக்குக் கீழான புள்ளியைத் தூசி என்று தள்ள வேண்டும் என்பது முதல் எண். இயல்பாக 2 இருக்கும். ஸ்கேனில் தூசி நிறைய என்பதால் 12 ஆக்கினேன். தூசியோடு பிள்ளையாரின் கண்ணில் இருந்த வெண்பொட்டும் போய்விட்டது. மூன்றுக்கு மூன்று, ஒன்பதே பிக்சல். அந்தப் பொட்டு இல்லாத பிள்ளையார் வெறித்துப் பார்க்கிற மாதிரி இருந்தார். எண்ணை 4-க்கு இறக்கி, மிச்சத் தூசியைக் கையால் அழித்தேன்.

மூலையை எவ்வளவு உருட்டுவது என்பது அடுத்த எண். இயல்பு 1. அதைக் கூட்டிக்கொண்டே போய் 1.3-ஐத் தாண்டினால் எங்குமே கூர்முனை இருக்காது. பூஜ்யம் கொடுத்தால் எல்லாம் பலகோணம். மாவிலையின் நுனி கூராக நிற்கவும் தும்பிக்கை வழவழப்பாக ஓடவும் 0.8 சரியாக இருந்தது. மூன்றாவது, வளைவுகளைச் சேர்க்கும் தளர்வு. 0.2-லிருந்து 0.4-க்கு ஏற்றினேன். நோடுகள் நன்றாகக் குறைந்தன, வடிவத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று: வெறும் கறுப்பு வெள்ளை 300 டி.பி.ஐ. படத்தை அப்படியே கொடுப்பதைவிட, முதலில் இரு மடங்காக்கி, லேசாக மங்கலாக்கி, மறுபடி கறுப்பு வெள்ளையாக வெட்டிக் கொடுத்தால் சாய்கோடுகளில் படிக்கட்டு குறைகிறது. போட்ரேஸோடு வரும் எம்கேபிட்மேப் இதைச் செய்கிறது. ஆனால் பொட்டின் பிக்சல் எண்ணிக்கையும் இதில் நாலு மடங்காகும். முதல் எண்ணை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோலங்கள்

கோலத்துக்கு மூன்று வழியுமே சரிவரவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாம்பூலப் பையில் தொங்கவிட 3 மில்லிமீட்டர் மரச்சில்லு செய்து, அதில் சிக்குக் கோலத்தை லேசரால் மேலாகக் கீற வேண்டும் என்பது திட்டம். 5 புள்ளி, 4 வரிசை, நேர்ப்புள்ளி. போட்ரேஸ் எப்போதும் கோட்டைச் சுற்றி வெளிவரம்பு போடும், ஒரு கம்பிக்கு இரண்டு கரை. லேசர் இரண்டு கரையையும் கீறும். எனக்கு வேண்டியது நடுவில் ஓடும் ஒற்றைக் கோடு. அதற்கு ஆட்டோட்ரேஸ் என்ற இன்னொரு நிரலில் 'சென்டர்லைன்' என்ற வசதி இருக்கிறது, இங்க்ஸ்கேப்பிலும் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். கம்பியும் கம்பியும் வெட்டும் இடத்தில் பெருக்கல் குறி வர வேண்டும். வந்ததோ இரண்டு கவட்டைகள், நடுவே ஒரு குட்டைப் பாலம். கோட்டை மெலிய வைத்து நடுவைக் கண்டுபிடிக்கும் முறையில் இது இயல்பாகவே வரும். இந்தக் கோலத்தில் 31 வெட்டுமிடங்கள். 31-லும் அதே கதை.

பார்வைக் குறை மட்டும் இல்லை. கம்பி துண்டு துண்டாக உடைந்திருந்தது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் லேசர் ஒரு கணம் நின்று கிளம்பும், அந்த இடத்தில் கருகல் புள்ளி விழும். சோதனைச் சில்லில் புள்ளி எது, கருகல் எது என்றே தெரியவில்லை.

மாமா பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எத்தனை கம்பி ஓடுது?"

"டிரேஸ்ல நிறைய வருது மாமா."

"அஞ்சுக்கு நாலுன்னா ஒரே கம்பிதாம்மா. உங்க பாட்டி கை எடுக்காம போடுவாங்க."

செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பி குறுக்கிடும் கோலத்தில், கம்பிகளின் எண்ணிக்கை இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. 5-க்கும் 4-க்கும் அது 1. ஆறுக்கு நாலு என்றால் இரண்டு கம்பி. ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து. இதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது: எஸ்.வி.ஜி.யில் பாதைகளின் எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

அதனால் டிரேஸை விட்டுவிட்டுக் கணக்கில் வரைந்தேன். புள்ளிக்குப் புள்ளி 20 மில்லிமீட்டர். பக்கத்துப் புள்ளிகளின் நடுவில், 10 மில்லிமீட்டரில், கம்பிகள் 45 பாகைச் சாய்வில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. உள்ளே எல்லாம் நேர்கோடு. ஓரப் புள்ளியை அடையும்போது கம்பி அதைச் சுற்றிக் கால்வட்டம் திரும்புகிறது. மூலைப் புள்ளியை அரைவட்டம் சுற்றுகிறது. இரண்டு வளைவுக்கும் மையம் அந்தப் புள்ளியேதான், ஆரம் 7.07 மில்லிமீட்டர். 20-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் அது வரும். அந்த ஆரத்தில் நேர்கோடும் வளைவும் சந்திக்கும் இடத்தில் கோணமே விழாது. எஸ்.வி.ஜி.யில் வட்டவில்லுக்கு நேரடிக் கட்டளை இருப்பதால் முழுக் கோலமும் ஒரே பாதையாக எழுதி முடிந்தது. அளவு 94.14-க்கு 74.14 மில்லிமீட்டர்.

லேசர் தலை கிளம்பிய இடத்துக்கே எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தது. கருகல் ஒரே ஒரு இடத்தில், அதையும் ஓரப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

கணக்கில் வரைந்தால் மாமாவின் கை போய்விடாதா என்ற கவலை எனக்கும் இருந்தது. பிள்ளையாரையும் அன்னத்தையும் ஒருபோதும் அப்படி வரைந்திருக்க மாட்டேன், அவற்றில் கை தெரிய வேண்டும். கோலத்தில் மாமா காப்பாற்ற நினைத்தது ஓட்டத்தைத்தான், கோட்டின் நடுக்கத்தை இல்லை. புதிய சில்லைப் பார்த்ததும் விரலால் கம்பியைத் தொடர்ந்து ஒரு சுற்று வந்து, "சரியா வந்திருக்கு" என்றார். அது எனக்குப் போதுமானது.

வெட்டும் கடை

பிறை என்ற ஊரில் ஒரு லேசர் கடையில் கொடுத்தேன், மேசை 1300-க்கு 900 மில்லிமீட்டர். தௌக்கே (கடை முதலாளி) கேட்டது இரண்டே விஷயம்: வெட்ட வேண்டியது சிவப்புக் கோடு, கீற வேண்டியது நீலக் கோடு. நிரப்பு நிறம் எதுவும் இருக்கக் கூடாது. இது கடைக்குக் கடை மாறும், முன்பே கேட்டுவிடுவது நல்லது.

விளக்கு நிற்பதற்குக் காலில் காடி வெட்டினோம். 6 மில்லிமீட்டர் என்று விற்கும் பிளைவுட்டை வெர்னியர் வைத்து அளந்தால் 5.6 தான் இருந்தது. லேசர் தின்னும் அகலம் சோதனைத் துண்டில் 0.25. ஆக காடியை 5.35 என்று வரைந்தேன், தட்டித்தான் உள்ளே இறங்கியது, ஆட்டம் இல்லை. அன்னத்தின் அலகும் தொங்கு சங்கிலியும் இவ்வளவு பெரிதாக்கிய பிறகும் சில இடங்களில் 2 மில்லிமீட்டர்தான் வந்தது. கருகி உடையும் என்று தௌக்கே எச்சரித்தார். அந்த இடங்களில் மட்டும் வெளிவரம்பை ஒரு மில்லிமீட்டர் வீங்கவிட்டோம்.

செலவு: ஃபிளாப்பி டிரைவ் 58, ஆல்கஹாலும் துணியும் 16, விளக்குக்குப் பலகையும் வெட்டுக்கூலியும் 165, சில்லுச் சோதனைக்கு 12. மொத்தம் 251 ரிங்கிட். மென்பொருள் எதற்கும் காசு இல்லை.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் கோரல் கோப்புகளை எல்லாம் திறந்து பார்த்து ஒரு பட்டியல் போட்டுவிட்டு, அப்புறம்தான் டபிள்யூ.எம்.எஃப். பக்கம் போவேன். வரைந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைப்பேன். மாற்றிய எஸ்.வி.ஜி.க்குப் பக்கத்திலேயே மூலக் கோப்பையும் வைத்திருக்கிறேன், எதையும் அழிக்கவில்லை. நாளைக்கு இதைவிட நல்ல மாற்றி வரலாம்.

பிக்சல் குவியலில் இருந்த நாதஸ்வரமும் வாழைமரமும் இன்னும் டிரேஸ் செய்யாமல் இருக்கின்றன. அவற்றின் மைப் படங்கள் இழுப்பறையிலேயே இருப்பதால், 300 டி.பி.ஐ. பழைய ஸ்கேனை வைத்து மல்லுக்கட்டாமல், தாளையே 600 டி.பி.ஐ.யில், சாம்பல் நிறத்தில், படுக்கை ஸ்கேனரில் புதிதாக எடுக்கப் போகிறேன். தாளில் செல் அரித்த ஓரங்களை முதலில் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.